பெயர் கேட்காத வரிசை

அஞ்சலாட்சிக்கு மேகநோய் என்று சொன்னால் அவளைத் தெரிந்த நாய்கூட நம்பாது. புருஷன் காத்தவராயன் லாரியில் ஊர் ஊராகச் சுற்றி, வாங்கிவந்த எச்.ஐ.வி.யைப் பெண்டாட்டிக்கும் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுக்குக் கருவடிக்குப்பத்தில் ஒற்றை அறை வாடகை வீடு, ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல், சாப்பிட்டதும் ஒரு மாத்திரை, தூக்கம். ஆண்வாடை என்றால் ஹாஸ்டலுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிவருகிற ஆளின் வேர்வையோடு சரி.

அப்பேர்ப்பட்டவளைத்தான் போன் போட்டு வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டு, சென்டரில் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்கிற அறிவுமதி மெல்லச் சொன்னாள்.

"பயப்படாதீங்கக்கா. போன தடவ எடுத்த ரத்தத்துல சிபிலிஸ், அதான் மேகநோய், இருக்குன்னு வந்திருக்கு. குணமாகுற நோய்தான். வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, மூணு வாரம் போட்டா போதும்."

எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிற அந்த சென்டரில் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தம் எடுத்து சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். யோக்கியன், அயோக்கியன் என்ற பேதமெல்லாம் கிடையாது. வெளியே ஒன்றும் தெரியாமலே அந்த நோய் வருஷக்கணக்கில் உடம்புக்குள் உட்கார்ந்திருக்குமாம், அதனால் ஆளைப் பார்த்து முடிவு செய்ய முடியாதாம். அஞ்சலாட்சியும் ஒன்பது வருஷமாகக் கையை நீட்டுகிறாள். ஒரு தடவைகூட ஒன்றும் வந்ததில்லை.

"என்ன எவனும் தொடலமா. ஒம்போது வருஷமா."

"நான் கேக்கவே இல்லியேக்கா. இங்க யாரையும் அப்படிக் கேக்கறதில்ல."

"எங்க மாரியம்மன் மேல சத்தியமா."

"எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்லுவாங்க. வுடுங்க." அறிவுமதி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "இது கர்ப்பமா இருக்கறவங்களுக்கு வந்தாதான் பெரிய ஆபத்து. வயித்துல இருக்கிற புள்ளயவே கொன்னுடும். நமக்கு அந்தக் கவலை இல்ல பாருங்க."

ஆறுதல் சொல்கிறாளாம். அஞ்சலாட்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அறிவுமதி கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம். நல்லவள் நம்பாமல் இருப்பதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை. வாயை மூடிக்கொண்டு இடுப்பைக் காட்டினாள். ஊசி சாதாரண ஊசி இல்லை, உள்ளே இறங்கும்போது கால் நடுங்கியது.

பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தாள். அஜந்தா சிக்னலில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஏறினாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். "நீ உக்காரு தாயி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொன்ன அந்தக் குரலைக் கேட்டதும் அஞ்சலாட்சி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அதே வார்த்தையை அவளும் சொல்லியிருந்தாள். அதே சென்டரில், ரத்தம் எடுத்த அன்றைக்கு, வயிறு லேசாக மேடிட்ட ஒரு பெண்ணிடம்.

இதைச் சொல்வதற்கு முன்னால் அந்த வரிசையின் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். சுவரில் எழுதி ஒட்டாத சட்டம் அது. அங்கே யாரும் யாரிடமும் பெயர் கேட்கக்கூடாது, ஊர் கேட்கக்கூடாது. வெளியே எங்காவது எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். முன்பெல்லாம் உள்ளேயிருந்து பெயரைச் சொல்லித்தான் கத்துவார்கள். ஒரு நாள் அப்படிக் கத்தியபோது, பக்கத்துக் காய்ச்சல் வரிசையில் அந்த ஆளின் மச்சினிச்சி நின்றிருந்தாள். அதற்கப்புறம் அவன் மாத்திரைக்கு வரவில்லை. ஆறு மாசத்தில் அவன் செத்த சேதிதான் வந்தது. எல்லோருமாகப் போய்ச் சண்டை போட்டு, பெயர் வேண்டாம், டோக்கன் கொடுங்கள் என்று வாங்கினார்கள்.

காலையில் போனதும் சென்டர் போட்டுத் தந்த, படம் ஒட்டிய பச்சை நோட்டைக் கவுண்டரில் கொடுத்தால் ஒரு பிளாஸ்டிக் டோக்கன் கிடைக்கும். நோட்டு அதே நம்பர் வரிசையில் லேப் மேஜைக்குப் போய்விடும். டோக்கனை நீட்டினால் லேப்காரர் தணிகாசலம் அந்த நம்பருக்குரிய நோட்டை எடுத்து, அதிலிருக்கிற பதிவு எண்ணைக் குழாயில் எழுதிவிட்டு ரத்தம் எடுப்பார். மாத்திரை ஜன்னலிலாவது, அவரவர் கையிலிருக்கிற மாத்திரை அட்டையை வாங்கிப் படத்தைப் பார்ப்பார்கள். ரத்தம் எடுக்கிற இடத்தில் யார் முகத்தைப் பார்க்கிறார்கள், நரம்பைத்தானே பார்க்கிறார்கள்.

அன்றைக்கு அஞ்சலாட்சியிடம் ஒன்பதாம் நம்பர் டோக்கன் இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணிடம் நாற்பத்தொன்று. இருபத்திரண்டு வயசுக்கு மேல் இருக்காது. மோவாயில் ஒரு மச்சம். நிமிஷத்துக்கு ஒரு தரம் செல்போனில் மணி பார்த்தாள்.

"பதினோரு மணிக்கு ஏலத்துல நிக்கணும்க்கா. போட்டு வந்துடும். நான் இல்லன்னா எங்க அத்த தேடிகினு கெளம்பிடும்."

ஏலம் என்றால் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். அவள் அதற்கு மேல் சொல்லவில்லை, அஞ்சலாட்சியும் கேட்கவில்லை.

"எத்தன மாசம்?" என்று மட்டும் கேட்டாள். வயிற்றைப் பற்றிக் கேட்கலாம், அதற்குத் தடையில்லை.

"நாலு."

"இந்தா, நீ முன்னாடி போ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

டோக்கனை மாற்றிக்கொண்டார்கள். உள்ளே அடுக்கியிருந்த நோட்டுகளை யார் மாற்றுவது? அதைப் பற்றி ரெண்டு பேருமே நினைக்கவில்லை. அங்கே டோக்கன் மாற்றிக்கொள்வது பஸ்ஸில் ஜன்னலோரம் மாற்றி உட்காருவதுபோல, தினமும் நடக்கிற சங்கதி. பெண் ரத்தம் கொடுத்துவிட்டு, மூன்று மாச மாத்திரையை வாங்கி, ஒரு மூலையில் நின்று அத்தனையையும் கால்சியம் டப்பாவில் கொட்டிக்கொண்டு ஓடினாள். வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அதிலேயே தெரிந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பஸ்ஸின் கம்பியைப் பிடித்தபடி நின்ற அஞ்சலாட்சிக்கு முதலில் வந்தது என்னவோ சந்தோஷம்தான், அதை ஒளிப்பானேன். அப்பாடா, நோய் எனக்கில்லை. அடுத்த சிக்னல் வருவதற்குள் அந்தச் சந்தோஷம் செத்துவிட்டது. நோய் அந்த மச்சக்காரப் பெண்ணுக்கு. ஊசி இவள் இடுப்பில் ஏறிவிட்டது. அவள் கையில் நோயில்லை என்ற காகிதம் இருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருக்கிறது.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் டோக்கன் முறையையே எடுத்துவிடுவார்கள், பழையபடி பெயரைச் சொல்லிக் கத்துவார்கள் என்று பயந்தாள். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. முன்பு ஒரு கல்யாண சமையல் கோஷ்டியில் வேலை பார்த்தபோது, பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருத்தன், "என்னாக்கா, இப்பல்லாம் சென்டர் பக்கம் காணமே" என்று கேட்டுவிட்டான். குடிபோதையில் கேட்டதுதான். மறுநாளிலிருந்து அவள் தொட்ட கரண்டியை யாரும் தொடவில்லை. அந்த வரிசையில் இருக்கிற இருநூறு பேரை அதே மாதிரி சந்தியில் நிறுத்துவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு வாரம் ஓடியது. ஹாஸ்டலில் குழம்புக்கு உப்பை ரெண்டு தடவை போட்டாள். ரெண்டாவது ஊசிக்கு அறிவுமதி மருந்தை எடுத்து வைத்தபோதுதான் வாய் திறந்தது.

"இந்த ஊசி எனக்கில்லமா. வேற ஒருத்திக்கு. முழுகாம இருக்கா."

அறிவுமதி முழுசாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ரத்தம் இல்லாமல் போயிற்று. உடனே அஞ்சலாட்சிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நோய் இல்லை என்று வந்தது. தணிகாசலம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "டோக்கனைத்தானே வாங்கினேன், மூஞ்சியயா வாங்கினேன்" என்று முனகினார். அந்தப் பெண்ணின் கர்ப்பப் பதிவு அட்டையில் இவர்கள் கொடுத்த காகிதத்தைப் பார்த்துத்தான் சிபிலிஸ் இல்லை என்று எழுதியிருக்கிறார்களாம். போன் அடித்தார்கள், அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. கொடுத்திருந்த முகவரிக்கு ஆள் அனுப்பினார்கள், அங்கே அப்படி ஒருத்தியே இல்லை. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதைதான்.

"மாத்திர வாங்க வருவாங்க இல்ல, அப்ப புடிச்சுக்கலாம்" என்றார் தணிகாசலம்.

"அதுக்கு ரெண்டு மாசம் இருக்கு சார்." அறிவுமதிக்குக் குரல் உயர்ந்தது. "ரெண்டு மாசம் அந்தப் புள்ள தாங்குமா?"

"எனக்கு அவ மொகம் தெரியும்" என்றாள் அஞ்சலாட்சி. "ஏலத்துக்குப் போறவ. நான் போய்ப் பாக்கறேன். அவ பேரச் சொல்லு."

"பேரச் சொல்லக்கூடாதுக்கா. நீங்க பாத்தாலும் பேசாதீங்க. எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்க."

ஹாஸ்டலில் காலைப் பலகாரத்தை முடித்துவிட்டு அஞ்சலாட்சி தினமும் தேங்காய்த்திட்டுக்குப் பஸ் ஏறினாள். ஏலக்கூடம் ஒரு பெருங்கூச்சல். ஐஸ் உடைக்கிற சத்தம், விலை கூவுகிற சத்தம், தரையெல்லாம் மீன்தண்ணீர். அலுமினியக் குண்டானோடு நூறு பெண்கள் நிற்பார்கள். ஒவ்வொருத்தியின் மோவாயையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். ரெண்டு பேர், "என்னா பாக்குற, மொறச்சுகினு" என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். மோவாயைப் பார்த்த கண் தானாகக் கீழே இறங்கி வயிற்றைப் பார்க்கும். அஞ்சாவது மாசம் ஆகியிருக்கும். ஒரு வாரம் போயிற்று, அஞ்சேகால். இன்னொரு வாரம். அந்த வயிற்றின் கணக்கு அவள் தலைக்குள் கடிகாரம் மாதிரி ஓடியது. பிள்ளை பெறாதவள் அஞ்சலாட்சி. காத்தவராயன் அதற்கு அவகாசம் தரவில்லை. யாரோ ஒருத்தியின் பிள்ளைக்காக அவள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள்.

பதினெட்டாவது நாள் பார்த்துவிட்டாள்.

தூணோரம் சங்கரா மீனைக் கூறு கட்டி வைத்துக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் மாமியார், வாய் நிறைய வெற்றிலை. அஞ்சலாட்சி ஒதுங்கி நின்று அறிவுமதிக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. கூறு ரெண்டுதான் மிச்சம் இருந்தது. அது விற்றுப்போனால் எழுந்து போய்விடுவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று என்ன நிச்சயம்? போன் மட்டும் பண்ணு என்று அறிவுமதி சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் கால் நடந்துவிட்டது.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்ட அடுத்த கணமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சட்டப்படி அதுதான் சரி.

"சங்கரா வேணுமா?" என்றாள் மாமியார்.

"வேணும்மா." அஞ்சலாட்சி குனிந்து மீனைப் புரட்டினாள். குரலைத் தணித்துப் பெண்ணிடம் சொன்னாள். "அன்னிக்கு டோக்கன் மாத்திக்கினோம் இல்ல, அதுல ஒரு தப்பு நடந்துபோச்சும்மா. உன்ன ஒடனே வரச்சொல்றாங்க. வயித்துல இருக்கறதுக்காகத்தான்."

பெண்ணின் கையிலிருந்த மீன் கீழே விழுந்தது.

"எந்த டோக்கன்? யாரு வரச்சொல்றாங்க?" மாமியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "யாரும்மா நீ? என் மருமவள உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு இவங்களத் தெரியாது அத்த" என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு அஞ்சலாட்சியைப் பார்த்தாள். கண் ரெண்டும் கையெடுத்துக் கும்பிட்டன.

ஒரு வாக்கியம் போதும். நோயின் பெயரைச் சொல்லி, ஊசி போடாவிட்டால் பிள்ளை பிழைக்காது என்று சொன்னால் போதும். சுற்றிலும் அம்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எங்கே ரத்தம் கொடுத்தாள், எதற்குக் கொடுத்தாள் என்று மாமியார் கேட்பாள். அதற்கப்புறம் இந்தப் பெண்ணுக்கு வீடு இருக்காது. கல்யாணப் பந்தியில் அந்தக் குடிகாரன் தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அஞ்சலாட்சிக்கு ஞாபகம் வந்தது.

"ஆள் மாறிப்போச்சும்மா" என்றாள். மீனை வாங்காமல் நடந்தாள்.

ஆனாலும் விடவில்லை. தூரத்தில் நின்று, அவர்கள் கிளம்பியதும் பின்னாலேயே போய், ஐஸ் பேக்டரிக்குப் பின்பக்கம் நீலவண்ணக் கதவுள்ள வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டாள். சாயங்காலம் அறிவுமதியிடம் சொன்னாள். அவள் திட்டவில்லை. யோசித்து, அந்தப் பக்கம் வீடு வீடாகப் போகிற நர்ஸைக் கர்ப்பிணிகள் கணக்கெடுக்கப் போகிறமாதிரி அனுப்பினாள். நர்ஸ் போவதற்கு ரெண்டு நாள் ஆகிவிட்டது. போனபோது மாமியார் மட்டும் இருந்தாள்.

"அவளா? தாய்வூட்டுக்கு அனுப்பியாச்சு. ஹார்பர்ல எவளோ ஒரு பொம்பள வந்து வயித்த உத்து உத்துப் பாத்துட்டுப் போனா. அன்னிலேர்ந்து புள்ள சோறு திங்கல, தூங்கல. கண்ணு பட்டுடுச்சு. அவளேதான் அம்மா வூட்டுக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னா."

தாய்வீடு மரக்காணம் பக்கம் ஏதோ குப்பம் என்றாளாம். அங்கிருந்த நர்ஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பக்கம் குப்பங்களுக்கா பஞ்சம், தேடுகிறோம் என்றார்கள். அஞ்சலாட்சி இதைக் கேட்டுவிட்டு ஹாஸ்டல் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். தான் போய் நிற்காமல் இருந்திருந்தால் அவள் துறைமுகத்திலேயே இருந்திருப்பாள், நர்ஸ் பார்த்திருப்பாள். கிணறு வெட்டப்போய்ப் பூதம் கிளம்பிவிட்டது. இதைத்தான் அவள் தனக்குத் தானே நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாத்திரை வாங்குகிற நாள் வந்தது. ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் மூன்று மாசத்துக்குக் கொடுத்ததால் திரும்பி வருகிற நாளும் ஒன்றுதான். அஞ்சலாட்சி ஏழரைக்கே போய்விட்டாள், ஆனால் டோக்கன் வாங்கவில்லை. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சுவரில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள், டோக்கனை மாற்றிக்கொள்ளாதீர்கள் என்று. தணிகாசலம் இப்போதெல்லாம் நோட்டிலுள்ள படத்தையும் எதிரே உள்ள முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுகிறார். அவ்வளவுதான் மாற்றம். யார் பெயரையும் யாரும் கத்தவில்லை. இதற்குப் பயந்தா ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒன்பது மணிக்கு மேல் எழுந்துபோய் டோக்கன் வாங்கினாள். முப்பத்தாறு.

அந்தப் பெண் பத்து மணிக்கு வந்தாள். அஞ்சலாட்சி முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தாள். ஏழு மாசம் இருக்க வேண்டிய இடத்தில் புடவை தட்டையாகக் கிடந்தது. கையில் குழந்தை இல்லை. கூட வந்தவர்களும் இல்லை. ரவிக்கையின் முன்பக்கம் ரெண்டு இடத்தில் நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து இழுத்து அதை மூடிக்கொண்டே வந்தாள். குடிக்க ஆளில்லாத பால்.

எத்தனையோ இடம் காலியாக இருந்தும் அவள் அஞ்சலாட்சியின் பக்கத்தில் வந்துதான் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"உங்க நம்பர் என்னாக்கா?"

"முப்பத்தாறு."

"எனக்கு அம்பத்தி மூணு. அன்னிக்கு மாதிரி சின்ன நம்பரா வாங்கி உங்களுக்குக் குடுக்கலாம்னு நெனச்சேன். சீக்கிரம் கெளம்ப முடியல." டோக்கனைப் புரட்டிப் பார்த்தாள். "எனக்கு இனிமே ஏலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவசரமே இல்லக்கா."

அஞ்சலாட்சி ஒன்பது வருஷமாக அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"உன் பேரு என்னம்மா?"

எதிரே இருந்த ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் சுவரிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், அஞ்சலாட்சியைப் பார்த்தாள்.

"துர்கா."

"துர்கா, எழுந்திரு. உள்ள அறிவுமதிகிட்ட போவோம். உனக்கு ஊசி போடணும், உன் வூட்டுக்காரனுக்கும் போடணும். அதுக்கு முன்னாடி நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஹார்பர்ல சொல்ல வந்ததா?"

"அதான்."

துர்கா எழுந்திருக்கவில்லை. டோக்கனைக் கையில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"நான் உங்களத் தெரியாதுன்னு சொன்னேன் இல்ல. தெரியும்னு சொல்லியிருந்தா புள்ள பொழச்சிருக்குமாக்கா?"

பொய் சொல்லிவிடலாம் என்று அஞ்சலாட்சிக்கு வாய்வரை வந்தது. அந்த ஒரு வாரத்தைத் தானும் சொல்லித் தீர வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். துர்காவின் கையைப் பிடித்தாள்.

"பொழச்சிருக்கும்மா" என்றாள். "தப்பு உன்னுது இல்ல. நான்தான் ஒரு வாரம் லேட்டா வாயத் தொறந்தேன்."